சரக்கைப் பார்த்துவிட்டு வா

1957-ஆம் ஆண்டு கோடை விடுமுறை கழிந்து சென்னை ஹைகோர்ட்டு திறந்த வாரத்தில், பி.எல். பரீட்சையில் தேறிய உற்சாகத்தோடு, தம்புச்செட்டித் தெருவில் ஒரு பழைய வீட்டின் மரப்படிகளில் ஏறி, நான் அப்ரண்டிஸாகச் சேர வேண்டியிருந்த வக்கீலின் அறையில் போய் நின்றேன். அக்காலத்தில் சட்டக் கல்லூரியை விட்டு வெளிவந்தவுடன் கறுப்பு அங்கியை அணிந்துவிட முடியாது. ஓராண்டு ஒரு சீனியரிடம் பயிற்சி பெற்று, பார் கவுன்சிலின் பரீட்சையிலும் தேறிய பின்னரே வக்கீலாகப் பதிவு செய்துகொள்ளலாம். என் சகபாடிகள் பலர் அந்த ஓராண்டை ஒரு சடங்கைப் போலக் கழித்தார்கள். எனக்கோ அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகள் நான் செய்த தொழில் முழுவதற்கும் அந்த ஓராண்டே மூலதனமாக அமைந்தது. அதை எனக்கு அளித்தவர் இப்போது இல்லை. அவர் கற்பித்த முறையும் அருகி வருகிறது. ஆகவே ஞாபகம் தெளிவாக இருக்கும்போதே அதை எழுதி வைப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

என் சீனியர் நீதிமன்றத்தில் கர்ஜிக்கும் வக்கீல் என்று பெயர் எடுத்தவர் அல்லர். பகலில் ஒரிஜினல் சைடில் இரண்டொரு வழக்குகள் நடத்துவார். அவருடைய உண்மையான தொழில் மாலை ஐந்தரை மணிக்குமேல் ஆரம்பமாகும். கோடவுன் தெருத் துணி வியாபாரிகளும், கொத்தவால் சாவடி மண்டிக்காரர்களும், பெரியமேட்டுத் தோல் வியாபாரிகளும், சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் இரவு ரயிலில் வந்து இரவு ரயிலிலேயே திரும்பும் நூல் வியாபாரிகளும், படியடியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக மேலே வருவார்கள். வழக்குத் தொடர வருபவர்கள் அவர்களுள் மிகக் குறைவு. பெரும்பாலோர், ஒரு பெரிய கொள்முதலுக்கு முன்பணம் கொடுக்குமுன்போ, புதிய ஊரில் ஏஜெண்டை நியமிக்குமுன்போ, அண்ணன் தம்பிக்குள் கூட்டு வியாபாரம் தொடங்குமுன்போ, பின்னால் தாவா வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசனை கேட்க வந்தவர்களே.

நான் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். பெரியமேட்டு வியாபாரி ஒருவர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் பதனிடும் முதலாளி ஒருவரிடமிருந்து மாதாமாதம் பதனிட்ட மாட்டுத்தோல் வாங்கி லண்டனுக்கு ஏற்றுமதி செய்ய ஓர் ஆண்டு ஒப்பந்தம் செய்துகொள்ள விரும்பினார். நகல் தயாரிக்கும் வேலையைச் சீனியர் என்னிடம் கொடுத்தார். அலமாரியில் இருந்த முன்மாதிரிப் பத்திரங்களின் ஆங்கிலத் தொகுப்பை எடுத்து, இரண்டு இரவுகள் கண்விழித்து, பதினொரு பக்கத்தில் ஓர் ஒப்பந்தத்தை எழுதி முடித்தேன். அதில் யுத்தத்துக்கு ஷரத்து இருந்தது, புயலுக்கு இருந்தது, வேலைநிறுத்தத்துக்கு இருந்தது, நோட்டீஸ் எந்த விலாசத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதுகூட இருந்தது. சீனியர் பதினொரு பக்கத்தையும் நிதானமாகப் படித்து முடித்து, காகிதங்களை ஒழுங்காக அடுக்கி என் பக்கம் நகர்த்திவிட்டு, “தம்பி, இந்தத் தோலை நீ பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்படியானால் நாளைக் காலை கோர்ட்டுக்கு வர வேண்டாம். பெரியமேட்டுக்குப் போய்ச் சரக்கைப் பார்த்துவிட்டு வா” என்றார்.

மறுநாள் காலை அந்த வியாபாரியின் கிடங்கில் நான் கழித்த நான்கு மணி நேரத்தை இன்றும் என்னால் கண்முன் கொண்டுவர முடிகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கலந்த துவர்ப்பான நெடி வாசலிலேயே எதிர்கொண்டது. உள்ளே, வடக்கு ஜன்னலின் வெளிச்சம் நேராக விழும்படி போட்டிருந்த நீண்ட மேசையின் பின்னால், அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பாய் நின்றுகொண்டு, ஒவ்வொரு தோலாக விரித்து, உள்ளங்கையால் ஒருமுறை தடவி, புரட்டிப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம், கழிவு என்று நான்கு அடுக்குகளில் போட்டுக்கொண்டிருந்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னதும், மிகுந்த பிரியத்தோடு என்னைத் தம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

“இங்க பாருங்க தம்பி, இது உரிக்கறப்போ கத்தி பட்ட இடம். மேலே தெரியாது, இழுத்தா கிழியும். இது உண்ணி கடிச்சது. இது உயிரோட இருக்கறப்போ சூடு போட்ட தழும்பு. மூணும் கழிவுன்னு சொல்லிட முடியாது. எங்க இருக்கு, எத்தனை இருக்குன்னு பார்த்துத்தான் தரம் சொல்லணும்.” பிறகு இரண்டு தோல்களை எடுத்து என் இரு கைகளிலும் கொடுத்து, எது கனம் என்று கேட்டார். வலக்கையில் இருந்ததுதான் கனம் என்றேன். “ரெண்டும் ஒரே நாள்ல பதப்பட்டது. அது நேத்து மழைச் சாரல்ல இருந்துச்சு; இது உள்ளே காய்ஞ்சது. வாணியம்பாடியில ஏத்தறப்போ ஒரு எடை. இங்க இறக்கறப்போ ஒரு எடை. எந்த எடைக்குக் காசுன்னு உங்க காகிதத்துல எழுதியிருக்கீங்களா?”

எழுதவில்லை. விலை ராத்தலுக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தேனே ஒழிய, அந்த ராத்தலை எந்த ஊரில், எந்த நாளில், யார் நிறுப்பது என்று எழுத எனக்குத் தோன்றவில்லை. தரம் ‘நல்ல தரம்’ என்று எழுதியிருந்தேன். அந்தத் தரத்தைப் பிரிக்கும் கை எவருடையது என்று நான் கேட்கவே இல்லை. யுத்தத்தையும் புயலையும் பற்றி மூன்று பக்கம் எழுதிய நான், மாதம் தவறாமல் அந்த இருவருக்குமிடையே எழக்கூடிய தகராறைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

அன்று மாலை சீனியரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “இப்போது உட்கார்ந்து எழுது” என்று சொல்லி, நான்கு கேள்விகளைக் கொடுத்தார். விற்பது என்ன, அது எந்த நிலையில் இருக்க வேண்டும்? அதை அளப்பதும் தரம் பார்ப்பதும் யார், எங்கே, எத்தனை நாளைக்குள்? பணம் எந்த நிகழ்ச்சியின் பேரில், எத்தனை நாளில் கைமாற வேண்டும்? இவற்றுள் ஏதாவது ஒன்று பிசகினால், கோர்ட்டுக்குப் போகுமுன் முதலில் யார் சொல்வதைக் கேட்பது? இந்த நான்குக்கும் விடை எழுதிய பிறகே 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தையும் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தையும் திறக்க வேண்டும் என்றார். அவ்வாறு திறந்தபோது, மாதிரியைக் காட்டி விற்கும் சரக்கு அம்மாதிரிக்கு ஒத்திருக்க வேண்டும் என்று கூறும் பதினேழாவது பிரிவு, கல்லூரியில் உருப்போட்ட வாக்கியமாக இல்லாமல், அந்தப் பாயின் உள்ளங்கைக்கு அடியில் இருந்த தோலாக எனக்குத் தெரிந்தது. பிரிவின் பொருள் அன்றுதான் எனக்கு ஸ்பஷ்டமாக விளங்கிற்று.

புதிய நகல் நான்கே பக்கம். அதைத் தமிழிலும் எழுதச் செய்து, இரு தரப்பாரையும் வரவழைத்து உட்காரவைத்து, சீனியர் தாமே வரிவரியாக வாசித்துக் காட்டினார். சரக்கு இறங்கிய மூன்று நாளுக்குள் தரம் பிரித்துத் தகவல் சொல்ல வேண்டும் என்ற ஷரத்து வந்ததும், வாணியம்பாடி முதலாளி கையை உயர்த்தி, “ஐயா, நோன்பு மாசத்துல ஆள் கம்மி. மூணு நாள்ல இவங்களால முடியாது, முடியாம போனா எனக்குப் பணம் நிக்கும், அவங்க மேல எனக்குக் கசப்பு வரும்” என்றார். தமக்குச் சாதகமான ஷரத்தையே அவர் தளர்த்தச் சொன்னதைச் சீனியர் மிகவும் மதித்தார். மூன்று நாள் ஏழு நாளாயிற்று. அவர்கள் கையெழுத்திட்டுச் சென்ற பிறகு என்னிடம், “சட்டத்தை ஆங்கிலத்தில் படி, யோசனையைத் தமிழில் சொல். தமிழில் சொல்ல வராவிட்டால், உனக்கே அது இன்னும் விளங்கவில்லை என்று தெரிந்துகொள்” என்றார்.

அவருடைய சிட்சை இவ்விதமாகவே மாலைதோறும் நடந்தது. ஒரு வியாபாரி, சரக்கு ஒரு நாள் தாமதமானாலும் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று எழுத வேண்டுமென்று பிடிவாதம் செய்வார். சீனியர் மறுக்கமாட்டார். எழுபத்துநான்காவது பிரிவின்படி கோர்ட்டு அத்தொகையை உச்சவரம்பாகக் கொண்டு அதற்குள் நியாயமான ஈடு எதுவோ அதைத்தான் வழங்கும் என்பதை எடுத்துச் சொல்லிவிட்டு, “ஒரு நாள் தாமதித்தால் உங்களுக்கு வாஸ்தவத்தில் என்ன நஷ்டம்? கணக்குச் சொல்லுங்கள்” என்பார். கப்பல் தவறினால் அடுத்த கப்பல் வரையில் கிடங்கு வாடகை, பாங்கு வட்டி, லண்டனில் விலை இறங்கினால் அந்த வித்தியாசம் என்று வியாபாரி விரல் மடக்குவார். அந்தக் கணக்கையே, இன்ன கப்பலுக்காக இச்சரக்கு வாங்கப்படுகிறது என்ற விவரத்தோடு சேர்த்து, ஒப்பந்தத்தில் எழுதச் செய்வார். உடைந்த ஆலைத்தண்டைக் கொண்டுபோனவர்கள் தாமதித்ததால் ஆலை நின்று, அதனால் இழந்த லாபத்தைக் கேட்டும் பெறமுடியாமல் போன இங்கிலாந்து மாவு ஆலைக்காரரின் 1854-ஆம் ஆண்டு வழக்கு அப்போதுதான் பாடமாகும். ஒப்பந்தம் செய்யும்போதே எதிர்க்கட்சிக்குத் தெரிந்திருந்த விசேஷ நஷ்டத்துக்குத்தான் எழுபத்துமூன்றாவது பிரிவில் ஈடு உண்டு. தெரிவிக்காமல் மனத்தில் வைத்திருந்ததற்கு இல்லை. பின்னர் 1963-இல் சுப்ரீம் கோர்ட்டு பதேசந்த் வழக்கில் எழுபத்துநான்காவது பிரிவை விளக்கித் தீர்ப்பளித்தபோது, அதைப் படித்த எனக்கு அந்த மாலை நேரத்து விரல் கணக்குதான் நினைவுக்கு வந்தது.

என் குறை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நான் வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட மறு வருஷம், நூல் வியாபாரி ஒருவர் அவசரமாக வந்தார். வெளியூர் வாடிக்கைக்காரர் ஒருவருக்கு ஐந்து தவணைகளில் நூல் அனுப்ப ஒப்பந்தம். இரண்டு தவணைக்குப் பணம் வரவில்லை. மூன்றாவது தவணை அனுப்பும் நாள் நெருங்கிவிட்டது. என்ன செய்வது என்று கேட்டார். சீனியர் ஊரில் இல்லை. தவணைச் சரக்கில் ஒரு பாகத்துக்குப் பணம் தராதது ஒப்பந்தம் முழுவதையும் முறித்ததாகுமா, அந்தத் தவணையை மட்டும் பொறுத்ததாகுமா என்பது ஒப்பந்தத்தின் ஷரத்துகளையும் சந்தர்ப்பங்களையும் பொறுத்தது என்கிறது விற்பனைச் சட்டத்தின் முப்பத்தெட்டாவது பிரிவு. நான் அதை ஆராய்ந்து, இங்கிலாந்துத் தீர்ப்புகளை மேற்கோள் காட்டி, ஒன்பது பக்கத்தில் ஓர் அபிப்ராயம் எழுதிக் கொடுத்தேன். அதில் சட்டப் பிழை ஒன்றும் இல்லை. அதைப் பெற்றுக்கொண்ட வியாபாரி, நான் அனுப்பலாம் என்றேனா கூடாது என்றேனா என்று விளங்காமல், வாக்குத் தவறக் கூடாதென்று மூன்றாவது தவணையையும் அனுப்பிவிட்டார். ஒரு மாதத்துக்குள் அந்த வாடிக்கைக்காரர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்.

சீனியர் என் அபிப்ராயத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சரக்கை அனுப்பலாமா, வேண்டாமா என்று ஒருவர் உன்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு இந்த ஒன்பது பக்கத்தில் எந்த வரி பதில்?” என்றார். என்னால் ஒரு வரியையும் காட்ட முடியவில்லை. அன்று எழுதியிருக்க வேண்டியது என்ன என்பதை அவரே சொன்னார்: ‘பழைய பாக்கியைக் கேட்டு இன்றே கடிதம் எழுதுங்கள், மூன்றாவது தவணையின் ரயில்வே ரசீதைப் பாங்கு மூலம் அனுப்பப்போவதாகவும், பணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதில் சொல்லுங்கள். நாம் ஒப்பந்தத்தை மீறினோம் என்று அவர் வழக்காடக்கூடும்; அதில் உங்களுக்கு வரக்கூடிய நஷ்டம் இவ்வளவு. சரக்கையும் கொடுத்துப் பணத்தையும் இழந்தால் வரும் நஷ்டம் இவ்வளவு. என் யோசனை முதல் வழியே, தீர்மானம் உங்களுடையது.’ ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் இந்த யோசனையில் சட்டம் முழுவதும் இருந்தது. அதோடு அந்த மனிதருடைய முதலும் இருந்தது. அந்த வியாபாரி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதனாலேயே அந்த வருத்தம் எனக்கு இன்றளவும் ஆறவில்லை.

காலம் சென்றது. 1961-ஆம் ஆண்டின் வக்கீல்கள் சட்டத்திலும் பதிவுக்கு முன் பயிற்சியும் பரீட்சையும் வேண்டும் என்றே இருந்தது. 1973-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அவற்றை நீக்கிவிட்டது. தொண்ணூறுகளில் பார் கவுன்சில் விதிகள் மூலம் ஓராண்டுப் பயிற்சியை மீண்டும் கொண்டுவந்தது. அவ்வாறு செய்ய அதற்கு அதிகாரமில்லை என்று 1999-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2011 முதல் ஓர் எழுத்துத் தேர்வு நடக்கிறது. தேர்வு எழுதுவது வேண்டியதுதான். ஆனால் எந்தத் தேர்வுத் தாளும் ஓர் இளைஞனின் இரு கைகளிலும் இரண்டு தோலைக் கொடுத்து எது கனம் என்று கேட்பதில்லை. பயிற்சி சட்டத்தில் இல்லாமற்போனாலும் என் அறையில் இருக்கட்டும் என்று நான் தீர்மானித்து, என்னிடம் வந்த ஜூனியர்களுக்குச் சனிக்கிழமை மாலைகளை ஒதுக்கி வைத்தேன்.

அந்த வகுப்புகளில் ஒருவர் வியாபாரியாக இருந்து கேட்பார். இன்னொருவர் பத்து நிமிஷத்துக்குள் தமிழில் யோசனை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதைச் சோதிப்பார்கள். சென்னைக் கட்டம் போட்ட துணியின் வரலாற்றை ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன். 1958 வாக்கில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான அத்துணியைக் குளிர்ந்த நீரில்தான் தோய்க்க வேண்டும் என்று இங்கிருந்து சொல்லியனுப்பியும், அந்த எச்சரிக்கை இடையில் நின்றுவிட, சட்டை வாங்கியவர்கள் தோய்த்தபோது சாயம் கரைந்தோடி, விவகாரம் வழக்கு வரையில் வந்து, கடைசியில் சாயம் போவதையே அத்துணியின் சிறப்பாக விளம்பரம் செய்து தப்பினார்கள் என்பது துணி வியாபாரிகள் பலரும் சொல்லும் கதை. அப்படிப்பட்ட அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது. தோய்க்கும் முறையைத் துணியோடு தைத்து அனுப்புவது யார் பொறுப்பு என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதிர்ஷ்டத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை.

சேலத்து வியாபாரி ஒருவருக்கும் குஜராத் ஜரிகை நூல் கம்பெனி ஒன்றுக்கும் நடந்த வழக்கையும் படிக்கச் சொல்வேன். தகராறுகள் கைரா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை என்று ஆர்டர் காகிதத்தில் இருந்தது. சேலத்தில் வழக்குத் தொடரலாமா கூடாதா என்ற அந்த முதல் கேள்வியே சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்று, ‘மட்டும்’ என்பது போன்ற விலக்கும் சொல் இல்லாத காரணத்தால் சேலம் கோர்ட்டின் அதிகாரம் போகவில்லை என்று 1989-இல் முடிவாயிற்று. பின்னர் 2013-இல் வேறொரு வழக்கில், அந்தச் சொல் இல்லாவிடினும் ஒப்பந்தத்தின் கருத்தைக் கொண்டு மற்றக் கோர்ட்டுகளை விலக்கியதாகக் கொள்ளலாம் என்று அதே கோர்ட்டு கூறிற்று. சட்டம் எவ்வாறு வளர்ந்தாலும், எழுதுகிற நாளில் அந்த ஒரு சொல்லை எழுதவோ விடவோ யோசித்து முடிவு செய்திருந்தால், பணம் வேண்டுமா வேண்டாமா என்ற உண்மையான வழக்குக்கு முன்னால் இத்தனை ஆண்டுகள் போயிருக்க வேண்டியதில்லை.

என்னிடம் பயின்றவர்களுள் ஒரு பெண் தொண்ணூறுகளின் நடுவில் திருப்பூர்ப் பனியன் ஏற்றுமதியாளர் ஒருவருக்காக ஒப்பந்தம் எழுத வேண்டியிருந்தது. நகலைத் தொடங்குமுன் தானாகவே இரண்டு நாள் திருப்பூர் சென்று, துணி பின்னுவதிலிருந்து சாயப்பட்டறை, தையல், பெட்டி கட்டுவது வரையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “சார், சாயம் ஒவ்வொரு தடவையும் ஒரு சாயல் மாறுகிறது. வாங்குபவர் ஒப்புக்கொண்ட நிறம் இதுதான் என்பதற்கு அத்தாட்சி யார் கையில் இருக்க வேண்டும்?” பிறகு அவளே விடையும் சொன்னாள். ஒப்புக்கொண்ட துணித்துண்டை இரண்டாக வெட்டி, இரு பாதியிலும் இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். எந்த வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதையும் எழுத வேண்டும். ஏற்றுமதி தாமதமாகி விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் அந்தக் கூலி எவர் தலையில் விழும் என்பதையும், தாமதத்துக்குக் காரணம் வாங்குபவர் மாதிரியை ஒப்புக்கொள்ளத் தாமதித்ததாக இருந்தால் என்ன செய்வது என்பதையும் அவள் கேட்டு வந்திருந்தாள். நான் சேர்க்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை. வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் நின்ற அந்தப் பாயை அவள் பார்த்ததில்லை; ஆனாலும் அவர் கேட்ட கேள்வியை அவளும் கேட்டாள்.

சட்டத்தை அறியாமல் யோசனை சொல்லலாகாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். சரக்கை அறியாமலும் சொல்லலாகாது என்பதுதான் நான் கற்றது. ஒப்பந்தம் என்பது இரண்டு பேர் நாளை செய்யப்போகும் காரியத்தை இன்றே மனத்தில் கண்டு எழுதுவது. அந்தக் காரியத்தைக் கண்ணால் பார்க்காதவனுக்கு அது எப்படிச் சாத்தியமாகும்? இப்போது முன்மாதிரிப் பத்திரங்கள் அலமாரியில் தேட வேண்டிய அவசியமின்றி ஒரு விசையில் கைக்கு வருகின்றன. பதினொரு பக்கம் எழுத இரண்டு இரவுகள் தேவையில்லை. ஆகையால், சீனியராக இருக்கும் நண்பர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு. உங்களிடம் வரும் இளைஞர்களுக்கு முதல் நகலைக் கொடுக்குமுன், அரை நாளாவது கிடங்குக்கும் பட்டறைக்கும் துறைமுகத்துக்கும் அனுப்புங்கள். அவர்கள் திரும்பி வந்ததும் என்ன பார்த்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் எழுதியதைக் கட்சிக்காரருக்குத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பெரியமேட்டாரும் வாணியம்பாடியாரும் அன்று செய்துகொண்ட நான்கு பக்க ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டுப் பதினான்கு ஆண்டுகள் நடந்தது. எடையைப் பற்றியும் தரத்தைப் பற்றியும் எத்தனையோ முறை அவர்களுக்குள் பேச்சு வந்திருக்கிறது. ஒருமுறைகூட அவர்கள் கோர்ட்டுப் படி ஏறவில்லை.